குடியிருக்க ஓரிடம் – 9: குமருக்குக் கட்டிய வீடு

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் வாடகை ஏறுவதற்குக் காணித் தட்டுப்பாடுதான் காரணம் என்பார்கள். பொய்யில்லை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். அதில் வளவுகள் பேர்ச் கணக்கில் துண்டாகிக்கொண்டே போகின்றன. 2004 டிசம்பர் 26இல் சுனாமி கரையோர வீடுகளை வாரிக்கொண்டு போனபின் நெருக்கடி இன்னும் இறுகியது. ஆனால் காணி மட்டுமே காரணம் என்றால், உள்ளே தள்ளி, குளமும் வயலுமாகக் கிடக்கிற இறக்காமத்தில் வாடகை வீடு தாராளமாகக் கிடைக்க வேண்டுமே? அங்கும் வாடகைக்கென்றே கட்டிய வீடு அரிதுதான். இந்தப் பக்கம் வீடு கட்டுவது வருமானத்துக்காக அல்ல, குமருக்காக, அதாவது கலியாணமாகாத மகளுக்காக.

கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், வீடு மகள் பெயரில் சீதனமாக எழுதப்படுவதும் இந்தக் கரையில் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் பொதுவான வழக்கம். அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆகவே ஒரு வாப்பா கட்டும் வீடு, மகளின் நிக்காஹ் வரை வாடகைக்குப் போகலாம். அதற்குப் பிறகு போகாது. வாடகைக்காரர் வாங்குவது வீட்டை அல்ல, ஒரு கலியாணத்துக்கு முந்திய இடைவெளியை. அந்த இடைவெளி எவ்வளவு என்று இருவருக்கும் தெரியாததால் பேச்சு மாதக் கணக்கிலேயே நிற்கிறது. வாடகையும் அடிக்கடி திருத்தப்படுகிறது.

அரசு வீடு கட்டிக் கொடுத்தால் தீராதா என்று கேட்கலாம். இந்தப் பக்கத்து நுரைச்சோலையைப் பாருங்கள். சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் எழுந்தன. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. நாட்டின் இன விகிதாசாரப்படி பகிர வேண்டும் என்று 2009இல் தீர்ப்பு வந்தது. வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்தன. கட்டிடம் இருந்துவிட்டால் குடியிருப்பு வந்துவிடாது. சரி, சீதன வழக்கத்தையே ஒழித்தால்? சீதனத்தின் சுமை பெரிது, குமர்களைப் பெற்றவர்களை அது கடனாளியாக்குகிறது; மறுப்பதற்கில்லை. ஆனாலும் மணமுறிவு வந்தால் இந்தக் கரையில் வீட்டைவிட்டு வெளியேறுவது பெரும்பாலும் கணவன்தான். வாடகையைக் குறைப்பதற்காக அந்தப் பாதுகாப்பைப் பறிப்பது மோசமான பேரம்.

வழக்கத்தை வைத்துக்கொண்டே பேசலாம். பள்ளிக்கூடம் போகிற மகளுக்கென்று கட்டிய வீட்டை ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுப்பதில் உடமையாளருக்கு நட்டமில்லை. மொத்தமாக வரும் முற்பணத்தில் பூச்சு வேலையை முடித்துக்கொள்வார். நிச்சயமான தவணைக்காக வாடகையில் கொஞ்சம் இறங்கியும் வருவார். ஒரே நிபந்தனை: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதாவிட்டால், 1840ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி அது செல்லாது. வாய்ப்பேச்சில் பெற்ற ஐந்து வருடம் சட்டத்தின் கண்ணில் ஒரு மாதம்தான். ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கோ அம்பாறைக் கச்சேரிக்கோ மாற்றலாகி வருகிறவர்கள் முற்பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், அந்த வீட்டுக் குமருக்கு என்ன வயது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பிறகு உடமையாளரும் நீங்களுமாக நொத்தாரிசிடம் போங்கள்.