முதலில் பேலன்ஸ், பிறகு பெடல்

சைக்கிள் ஓட்டுவதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பெடலைச் சுற்றுவது ஒன்று, விழாமல் இருப்பது இன்னொன்று. முதலாவதை மூன்று சக்கர வண்டியில் உட்காரவைத்தாலே சின்னப் பிள்ளை பிடித்துக்கொள்ளும். இழுத்தடிப்பது இரண்டாவதுதான். நாம் கடையில் வாங்கித் தரும் சிறுவர் சைக்கிளோ, எளிதானதை முதலில் பழக்கிவிட்டுக் கடினமானதைப் பின்னால் தள்ளிவைக்கிறது. பின்சக்கரத்தின் இருபுறமும் சைடு வீல் இருக்கும்வரை, பிள்ளை தெருவை எத்தனை முறை சுற்றி வந்தாலும் பேலன்ஸ் பழகுவதில்லை. இந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பதே என் கட்சி. பெடலே இல்லாமல், காலால் தரையை உந்தி ஓட்டும் ‘பேலன்ஸ் பைக்’ அதைத்தான் செய்கிறது.

இரு சக்கர வண்டி எப்படி விழாமல் ஓடுகிறது என்பது அறிவியலாளர்களையே நெடுநாள் அலைக்கழித்த கேள்வி. சுழலும் சக்கரத்தின் பம்பர விசைதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர், அந்த விசை அடிபட்டுப்போகும்படி எதிர்த்திசையில் சுழலும் கூடுதல் சக்கரம் ஒன்றைப் பொருத்தி ஓட்டிப் பார்த்து, 1970-ல் அதைப் பற்றி எழுதினார். ஓட்ட முடிந்தது! 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு, பம்பர விசை இல்லாமலும் தானாக நிமிர்ந்து ஓடும் வண்டியைச் செய்துகாட்டியது. நுணுக்கங்களில் விவாதம் இருந்தாலும் அடிப்படை தெளிவானது: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் திரும்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் சாயும் உடலுக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்கின்றன. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. சாய்ந்து சாய்ந்துதான் உடம்பு படிக்க வேண்டும். சைடு வீல் வண்டி சாயவே விடாது. வளைவில் உள்பக்கம் சாய வேண்டிய பிள்ளை வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது, வெளிச் சக்கரத்தில் பாரத்தைப் போட்டுப் பழகுகிறது. ஒருநாள் ஸ்பேனரால் அந்தச் சக்கரங்களைக் கழற்றும்போது, அதுவரை பழகியதில் ஒரு பகுதியை மறந்தாக வேண்டும். அன்று பிள்ளை அழுதால் தப்பு அதன் மேல் இல்லை.

பெடல் இல்லாத வண்டி புதுமோகம் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் கார்ல் ஃபான் டிரைஸ் 1817 ஜூன் 12 அன்று மன்ஹைம் நகரிலிருந்து ஓட்டிச்சென்ற மர வண்டியில் இரண்டு சக்கரமும் திருப்புவதற்குக் கைப்பிடியும்தான் இருந்தன. காலால் உந்தித்தான் போனார். முன்சக்கரத்தில் பெடல் வைத்த வண்டிகள் 1860-களில்தான் பாரிஸில் பரவின. அதாவது சைக்கிளே பேலன்ஸில் பிறந்து பிறகு பெடலுக்கு வந்தது. நம்மூர்ப் பெரியவர்கள், “நாங்கள் குரங்கு பெடல் போட்டே கற்றுக்கொண்டோம், இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கலாம். உண்மையில் குரங்கு பெடலும் இந்தக் கட்சிக்கே சாட்சி. சீட்டுக்கு எட்டாத பையன் பெரிய சைக்கிளின் இடப்பக்கம் நின்று, இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் தரையை உந்தி உந்திப் போவான். வேகம் வந்ததும் அந்தக் காலையும் தூக்கிக்கொள்வான். அது கைவந்த பிறகே பாருக்கு அடியில் காலை நுழைத்து அரை பெடல். முட்டி பெயர்ந்ததற்குக் காரணம் முறையல்ல, அவன் உயரத்துக்கும் கனத்துக்கும் பொருந்தாத வண்டி. பேலன்ஸ் பைக்கில் உட்கார்ந்தபடியே இரு பாதமும் தரையில் முழுதாகப் படும். அதனால்தான் பயம் குறைகிறது.

இதற்குச் சான்று உண்டா? போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, பேலன்ஸ் பைக்கில் பழகியவர்கள் சராசரியாக நான்கு வயதைச் சற்றுத் தாண்டியதும் தனியாக ஓட்டினார்கள். சைடு வீலில் பழகியவர்களுக்கு ஏறக்குறைய ஆறு வயதாயிற்று; நேரே சாதாரண சைக்கிளில் ஏறியவர்களுக்கு ஏழு தாண்டிவிட்டது. இந்த எண்களை அப்படியே விழுங்கக் கூடாது. இவை நினைவிலிருந்து சொன்னவை. தவிர, பேலன்ஸ் பைக் வாங்கித் தரும் பெற்றோர் இரண்டு மூன்று வயதிலேயே தொடங்கிவிடுவதால் முடிவும் முன்னதாக வருவது இயல்பு. இந்த ஐயத்தைக் குறைப்பது அதே நாட்டில் நடந்த இன்னொரு சோதனை. ஒரு குழுவைப் பேலன்ஸ் பைக்கிலும் இன்னொரு குழுவைச் சைடு வீல் வண்டியிலும் சம காலம் பழக்கிவிட்டு, பிள்ளைகளைச் சாதாரண சைக்கிளில் ஏற்றிப் பார்த்தார்கள். பேலன்ஸ் பைக் குழுவில் எல்லாரும் ஓட்டினார்கள்; சைடு வீல் குழுவில் நான்கில் மூன்று பங்கினரே ஓட்டினார்கள். சிறிய சோதனைதான், இதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் இயற்பியல் சொல்வதும் அனுபவம் சொல்வதும் ஒரே திசையில் இருக்கும்போது ஒதுக்கிவிடவும் முடியாது.

சைடு வீலுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. தசைக் கட்டுப்பாடு குறைவான பிள்ளைகளுக்குக் கூடுதல் சக்கரம் ஓட்டும் மகிழ்ச்சியையே தருகிறது, அங்கே இந்த வாதம் பொருந்தாது. பேலன்ஸ் பைக்குகள் பலவற்றில் பிரேக் கிடையாது, காலை ஊன்றித்தான் நிறுத்த வேண்டும். எனவே சரிவான தெருவும் வண்டி போகும் சாலையும் கூடாது. மொட்டை மாடி அகலமாக இருந்தாலும் கைப்பிடிச் சுவர் உயரமாக இல்லாவிட்டால் வேண்டாம். ஹெல்மெட் கட்டாயம்.

நடுத்தரக் குடும்பத்தின் உண்மையான தயக்கம் பணம். ஓரிரு ஆண்டில் சிறிதாகிவிடும் வண்டிக்குத் தனியாகச் செலவழிப்பானேன்? செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டில் இருக்கும் சிறுவர் சைக்கிளின் சைடு வீலோடு பெடலையும் கழற்றிவிட்டு, பாதம் தரையில் படும்வரை சீட்டை இறக்கினால் அதுவே பேலன்ஸ் பைக். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் முறுக்கினால் இன்னும் இறுகும். பெரியவர்களுக்குக் கற்றுத்தரும் வகுப்புகளிலும் பெடலைக் கழற்றிப் பழக்கும் இதே வழியைப் பின்பற்றுகிறார்கள். பிள்ளை இரு காலையும் தூக்கி, வளைவிலும் காலை ஊன்றாமல் போகத் தொடங்கிய பிறகு பெடலை மாட்டலாம். சீட்டை மட்டும் உடனே உயர்த்திவிட வேண்டாம். தடுமாறும்போது பாதம் தரையைத் தேடும், அது எட்ட வேண்டும்.