'சும்மா இருந்தேன்' என்று சொல்லாதீர்கள்

இரவு உணவு முடிந்து, பிள்ளைகள் உறங்கச் சென்றபின், வேலைக்கான விண்ணப்பத்தை மேசைமேல் விரித்து அமர்கிறார் ஒரு குடும்பத் தலைவி. பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி ஆகியவற்றை எழுதும்வரை பேனா தயங்கவில்லை. 'முன் அனுபவம்' என்னும் கட்டத்தை அடைந்ததும் நின்றுவிடுகிறது. ஒரு நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் கணக்கெழுதியவர் அவர். 2016-இல் அவ்வேலையை விட்டார். அதன்பின் வந்த ஏழு ஆண்டுகளை எப்படி எழுதுவது?

நம் இல்லங்கள் பலவற்றுக்கும் பழக்கமான காட்சி இது. குழந்தை வளர்ப்பு, பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த மாமனார், கணவரின் இடமாற்றம், தமது உடல்நலக் குறைவு என்று காரணங்கள் பல. ஆண்களுக்கும் இந்நிலை நேர்வதுண்டு. ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்தவரும், வளைகுடா நாட்டிலிருந்து ஒப்பந்தம் முடிந்து திரும்பியவரும், போட்டித் தேர்வுக்காகச் சில ஆண்டுகள் படித்தும் வெற்றி கிட்டாதவரும் இதே கட்டத்தின் முன் தயங்கி நிற்கின்றனர்.

மறைக்கலாமா?

"பழைய நிறுவனத்தில் இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்ததாக எழுதிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று யோசனை கூற எவரேனும் முன்வருவர். அதற்குச் செவிசாய்க்க வேண்டா. பொய் என்பதே போதுமான காரணம். மேலும், அது இன்று எளிதில் வெளிப்பட்டும் விடும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் 2014 முதல் உறுப்பினர்களுக்கு 'யூ.ஏ.என்.' எனும் எண் வழங்கப்படுகிறது. நிறுவனம் மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. பணியில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் அதன்கீழ்ப் பதிவாகின்றன. இவற்றைச் சரிபார்த்தபின்னரே வேலை தரும் நிறுவனங்கள் பல. இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளும் முதலாளி உண்டு. பொய்யுரைத்தவரிடம் கணக்கேட்டை ஒப்படைக்கும் முதலாளி உண்டோ?

மகப்பேறு விடுப்பை இடைவெளியாகக் காட்ட வேண்டியதில்லை. 2017-இல் வந்த சட்டத்திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்தோடு கூடிய அவ்விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. அவ்வாரங்களில் தாய் பணியில் உள்ளவரே.

எப்படி எழுதுவது?

இரண்டு வரிகள் போதும். "2016 ஜூன் முதல் 2023 வரை, நோயுற்ற மாமனாரைப் பேணுவதற்காகப் பணியிலிருந்து விலகியிருந்தேன். இப்போது முழுநேரப் பணிக்கு ஆயத்தமாக உள்ளேன்." காலம், காரணம், இன்றைய நிலை ஆகிய மூன்றும் இதில் அடங்கிவிட்டன. நோயின் விவரமும் வீட்டுத் துயரமும் விண்ணப்பத்தில் வேண்டா.

அடுத்து, முதலாளியின் உள்ளத்தில் எழும் ஐயத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 'இவருக்கு வேலை மறந்து போயிருக்குமோ?' என்பதே அது. நம் சகோதரி வேலையை விட்ட மறு ஆண்டில், 2017 ஜூலை 1-ஆம் நாள், சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அவர் அறிந்திருந்த மதிப்புக் கூட்டு வரி, சேவை வரிக் கணக்குகளின் இடத்தைப் பெரும்பாலும் அதுவே பிடித்துக்கொண்டது. ஆகவே, விண்ணப்பிக்கும் முன் சில மாதங்கள் அப்புதிய முறையைப் பயில்வதும், தெரிந்த தணிக்கையாளர் ஒருவரிடம் பகுதிநேரம் பணியாற்றுவதும் நலம். பிற தொழிலினரும் தாம் இல்லாத காலத்தில் தம் துறையில் மாறியது யாது எனக் கேட்டறிந்து, அதை முதலில் கற்க வேண்டும்.

இடைக்காலத்தில் செய்த பொதுப்பணிகளையும் மறக்கலாகாது. மகளிர் சுய உதவிக் குழுவின் பேரேட்டை எழுதியவரும், பங்கின் திருவிழாக் கணக்கைப் பார்த்தவரும், ஞாயிறுதோறும் மறைக்கல்வி கற்பித்தவரும் அதை உள்ளபடி குறிப்பிடலாம். இல்லாத பதவிப் பெயரைச் சூட்டிப் பெரிதாக்க வேண்டா.

நேர்முகத் தேர்வில்

"இத்தனை ஆண்டுகள் என்ன செய்தீர்கள் அம்மா?" என்று கேட்பார்கள். "வீட்டில் சும்மாதான் இருந்தேன் ஐயா" என்பது நம் பெண்களின் நாவில் தானே வந்துவிடும் விடை. வேளை தவறாமல் மருந்து கொடுத்து, இரவெல்லாம் விழித்திருந்து, ஒருவர் ஊதியத்தில் வீட்டை நடத்தியவரா சும்மா இருந்தவர்? எழுதிய இரண்டு வரிகளையே தலைநிமிர்ந்து கூறுங்கள். அதன்பின் புதிதாகக் கற்றதைச் சொல்லுங்கள். பேச்சு தானாகவே வேலையின் பக்கம் திரும்பிவிடும்.

இவ்வளவு செய்தும் சில கதவுகள் திறவாமல் போகலாம். முதலில் கிடைக்கும் ஊதியம் பழையதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். அப்போது வீட்டார் துணைநிற்க வேண்டும். கணவர்மாரே, வளர்ந்த பிள்ளைகளே, உங்களுக்காகவும் உங்கள் முதியோருக்காகவும் வேலையை விட்டவர் அவர். மாலையில் ஒரு மணி நேரம் அடுக்களையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அவர் படிக்க நேரம் கிடைக்கும். 'அம்மா வீட்டில் சும்மா இருக்கிறார்' என்று அண்டை அயலாரிடம் சொல்வதையும் இன்றே நிறுத்துங்கள். அச்சொல்லை அவர் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார்.