ஈந்தவர்களின் கதி

2023-ஆம் வருஷத்தில் இந்திய சர்க்கார் தம் சிப்பந்திகளுக்கு ஒரு சலுகை அளித்தனர். உயிரோடிருக்கையிலேயே தம் அவயவமொன்றைப் பிறருக்குத் தானம் செய்யும் சிப்பந்திக்கு 42 நாள் வரை விசேஷ ரஜா உண்டு என்பதே அது. நியாயமான ஏற்பாடு, நாம் மனமுவந்து வரவேற்கிறோம். ஆனால் இத்தேசத்தில் சிறுநீரகம் ஈவோரெல்லாம் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள்தாமா? நாட்கூலிக்கு மூட்டை சுமப்பவனுக்கு எந்த முதலாளி ரஜா தரப்போகிறான்? அடுப்படியிலே ஆயுளைக் கழிக்கும் மாதருக்கு ரஜா என்ற சொல்தான் ஏது?

தானத்தால் ஈந்தவர் உயிருக்கு நேரும் அபாயம் சொற்பமே. அமெரிக்கக் கணக்கின்படி, ரண சிகிச்சைக்குப் பின் 90 நாட்களுக்குள் இறந்தோர் பதினாயிரத்துக்கு மூவர். எஞ்சிய சிறுநீரகம் சற்றே பருத்து, இழந்ததன் வேலையில் பெரும் பகுதியைத் தானே ஏற்றுக் கொள்ளுகிறது. 1954 டிசம்பர் 23-ந் தேதி பாஸ்டன் நகரில் ரானால்டு ஹெர்ரிக் என்பவர் தம்முடன் இரட்டையராய்ப் பிறந்த ரிச்சர்டுக்குச் சிறுநீரகம் ஈந்தார். பெற்றவர் அதன்பின் எட்டு வருஷம் வாழ்ந்தார். ஈந்தவர் கணித உபாத்தியாயராயிருந்து, 2010-இல், தமது 79-ஆம் வயதில் காலமானார்.

எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அபாயம் சொற்பமென்பது, முன்னதாகச் செவ்வையாய்ப் பரிசோதிக்கப்பட்டவர்களைக் குறித்த பேச்சு. 2014-இல் வெளியிடப்பட்ட, கனடாவில் நடத்தப்பட்ட ஓர் ஆராய்ச்சியில், ஈந்த பெண்களின் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பதினொன்றில் இரத்தக் கொதிப்பு உண்டாயிற்று. ஈயாதாரிடத்தில் நூற்றுக்கு ஐந்தே. நம் நாட்டிலோ உயிருடன் ஈவோரில் பெரும்பாலோர் பெண்கள். பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். மனைவியும் தாயும் அன்பினால் ஈகிறார்கள் என்கிறார்கள். இருக்கலாம். மறுக்கும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்ததா என்று யார் கேட்டார்கள்?

வறுமையால் விற்றவர் கதை இன்னும் பரிதாபமானது. சென்னை வில்லிவாக்கத்துக்குக் "கிட்னிவாக்கம்" என்று பெயர் வந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவயவ விற்பனையை 1994-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. 2001-இல் சென்னையில், சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆராய்ச்சியாளர் விசாரித்தனர். நூற்றுக்கு 96 பேர் கடனடைக்கவே விற்றவர்கள். கடன் அடைந்ததா? அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் காலத்திலும் கடனாளிகளே. விற்றபின் குடும்ப வருமானம் மூன்றிலொரு பங்கு குறைந்து போயிற்று. தேகநிலை கெட்டதென்றோர் நூற்றுக்கு 86. தரகர்கள் வாக்களித்த தொகையோ முழுதாய்க் கைக்கு வரவில்லை. பணம் பெற்றவனும் சட்டப்படி குற்றவாளியாதலின், அவன் யாரிடம் போய் முறையிடுவான்?

"ஈந்தவருக்குப் பணம் கொடுத்தால் அது விற்பனையாகிவிடாதா?" என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவர்கள் அச்சட்டத்தையே சற்று வாசித்துப் பார்க்கட்டும். ஈந்தவருக்கு நேரும் செலவையும் அவர் இழந்த சம்பாத்தியத்தையும் ஈடு செய்வது விலையாகாது என்று அதிலேயே தெளிவாய் விலக்கப்பட்டிருக்கிறது. சட்டம் அனுமதித்ததைச் செய்யச் சர்க்காருக்கு என்ன தடை?

ஆகவே, ஈந்த கூலிக்காரனுக்கும் குடும்ப ஸ்திரீக்கும், வேலைக்குத் திரும்பும் வரையில், இழந்த கூலியைச் சர்க்கார் தர வேண்டும். வீட்டு வேலைக்கும் கூலியுண்டென்றே கணக்கிட வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் ஈந்தவர்களுக்கென ஒரு பதிவேடு வைத்து, ஆயுட்காலம் முழுவதும் வருஷத்துக்கொரு முறை இரத்த அழுத்தத்தையும் இரத்தத்தையும் சிறுநீரையும் இனாமாகப் பரிசோதிக்க வேண்டும். விற்றவரென்று தெரிந்தாலும் அவர் பெயரை அப்பதிவேட்டிலிருந்து நீக்கலாகாது. சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்டம் விவாதத்துக்கு வரும்போது இதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறதென்று மந்திரிகளைக் கேட்பார்களாக.