ஒரு லாட் வெந்தயமும் நம் கணக்குப் புத்தகமும்



வெந்தயம் நம் கடைகளில் சாதாரணச் சரக்கு. அந்த வெந்தயம் ஐரோப்பாவையே உலுக்கிய கதையை நம்மவர் அறிந்துகொள்வது நல்லது.

2011 மே மாதம் வட ஜெர்மனியில் ரத்தக் கழிச்சல் பரவியது. 3,800 பேருக்கு மேல் நோயுற்றனர். 800 பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. 50 பேருக்கு மேல் மாண்டனர்.

காரணம் ஈ.கோலி என்னும் கிருமி. இதில் பெரும்பாலான இனங்கள் நம் குடலில் தீங்கின்றி வாழ்பவை. ஆனால் அங்கே பரவிய ஓ104 இனம் அப்படியல்ல. குடற்சுவரில் செங்கல் அடுக்கியதுபோல் ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு முன்பே உண்டு. ஷிகா நஞ்சைச் சுரக்கும் மரபணுவை, கிருமிகளைத் தாக்கும் ஒரு வைரஸ் அதனுள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. பல மருந்துகளுக்கு அடங்காத குணமும் கூடவே இருந்தது. ஒட்டும் குணமும் நஞ்சும் ஒன்று சேர்ந்ததே இத்தனை உயிர்ச்சேதத்துக்குக் காரணம்.

முதலில் பழி விழுந்தது ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மீது. விற்பனை அடியோடு படுத்தது. சோதித்தபோது வெள்ளரியில் இருந்தது வேறு இனக் கிருமி என்று தெரிந்தது. அதற்குள் நஷ்டம் நஷ்டம்தான். ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் நிவாரணம் ஒதுக்க நேர்ந்தது.

உண்மையைக் கண்டுபிடிக்கப் பெரிதும் உதவியது நம் தொழிலின் ஆயுதமான பில்தான். நோயாளிகள் சாப்பிட்ட உணவகங்களின் கொள்முதல் கணக்கைப் பின்தொடர்ந்து ஒரு முளைப்பயறுப் பண்ணையை அடைந்தனர். ஜூனில் பிரான்சின் போர்தோ அருகிலும் அதே நோய் கண்டது. இரு இடத்து விதைக் கணக்கையும் ஒப்பிட்டபோது, 2009-இல் எகிப்திலிருந்து வந்த ஏறத்தாழ 15 டன் வெந்தயம், ஒரே லாட், என்று புலப்பட்டது. விதையில் கிருமி அகப்படவேயில்லை. கணக்குதான் காட்டிக் கொடுத்தது.

காய்ந்த விதையில் கிருமி பெருகாது. முளைகட்டும் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் பல்கிவிடும். நன்கு வேகவைத்தால் மடியும். பச்சையாக உண்ணும் முளைப்பயறில்தான் ஆபத்து.

ஆகவே லாட் எண்ணைக் கொள்முதலிலும் விற்பனையிலும் குறித்து வையுங்கள். பழைய மூட்டையைப் புதியதோடு கலக்காதீர்கள். முளைகட்ட வாங்குவோருக்கு எலி, பறவை எச்சம் படாத சரக்கையே கொடுங்கள்.

கணக்கு வரிக்காக மட்டும் அல்ல. நாளை வீண்பழி வந்தால் நம் நாணயத்தைக் காப்பதும் அதுவே.