பள்ளிப் பாடமும் இணையப் பாடமும்: பெரம்பலூர், அரியலூர் தரும் விடை

பிரதம் என்னும் கல்வித் தொண்டு அமைப்பின் அசர் மையம் 2023இல் 14 முதல் 18 வயது வரையிலான கிராமப்புற இளையோரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில் 34,745 பேர் அதில் பங்கேற்றனர். தமிழ்நாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டம் பெரம்பலூர். படிப்பையும் கணக்கையும் மட்டுமின்றி, செல்பேசியை இளையோர் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதையும் அந்த ஆய்வு சோதித்தது. பள்ளியில் கற்பதையும் இணையத்தில் கற்பதையும் அருகருகே வைத்துப் பார்க்க அது உதவுகிறது.

எல்லா மாவட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. சோதனைக்குப் போனைக் கொண்டுவந்தவர்களில், கேட்ட காணொளியை யூடியூபில் தேடி எடுக்க ஐந்தில் நால்வரால் முடிந்தது. ஆனால், ஓர் இடத்துக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதை கூகுள் வரைபடத்தில் கண்டறிந்தவர்கள் அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். தாய்மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க நால்வரில் ஒருவருக்கு இயலவில்லை. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 விழுக்காட்டினர். கருவி கைக்கு வந்துவிட்டது. அதில் உள்ளதைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் எல்லோருக்கும் வந்துவிடவில்லை.

தமிழ்நாட்டில் இணையப் பாடம் பரவலாக நுழைந்தது கொரோனா காலத்தில். 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் அரசின் கல்வித் தொலைக்காட்சி பாடங்களை ஒளிபரப்பியது. வாட்ஸ்அப் குழுக்களில் வீட்டுப்பாடம் வந்தது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூர்ப் பக்கத்திலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் நிறைந்த அண்டை மாவட்டமான அரியலூர்ப் பக்கத்திலும், பல வீடுகளில் ஒரே போன்தான். பெற்றோர் வேலைக்குக் கிளம்பினால் அதுவும் உடன் போய்விடும். பெண்பிள்ளைகளுக்கு வாய்ப்பு இன்னும் குறைவு. அசர் ஆய்வில், போனைப் பயன்படுத்தத் தெரிந்த ஆண்களில் 43.7 விழுக்காட்டினருக்குச் சொந்த போன் இருந்தது, பெண்களில் 19.8 விழுக்காட்டினருக்கே இருந்தது.

பள்ளிகள் மூடியிருந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பு சிறு வகுப்புகளில் தெளிவாகத் தெரிந்தது. அசர் கணக்கெடுப்புகளின்படி, தமிழ்நாட்டுக் கிராமங்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் 2018இல் 40.7 விழுக்காடு, 2022இல் அது 25.2 விழுக்காடாகச் சரிந்தது. அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தெருவுக்குத் தன்னார்வலர்களை அனுப்பி, மாலை வேளையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. திரையால் நிரம்பாத இடைவெளியை ஆட்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

இணையத்தின் பயன் சிறிதல்ல. புரியாத பாடத்தை நிறுத்தி நிறுத்தி எத்தனை முறையும் பார்க்கலாம். வகுப்பில் கேட்கத் தயங்கும் ஐயத்தைத் தனியே தேடித் தெளியலாம். நகரத்துப் பயிற்சி மையங்களுக்குப் போக வசதியற்ற பிள்ளைக்குப் போட்டித் தேர்வுப் பாடங்கள் வீட்டுக்கே வருகின்றன. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகளைச் சேர்த்தபோது, பாடநூலையும் காணொளியையும் அரசே இணைத்தது. ஆனால் திரை, பிள்ளையின் முகம் பார்த்துப் பாடத்தை மாற்றிச் சொல்லாது. நோட்டைத் திருத்தி, பிழை எங்கே தொடங்கியது என்று காட்டாது. மதிய உணவு, நண்பர்கள், நாள்தோறும் ஒரே நேரத்துக்கு வந்து உட்காரும் பழக்கம் ஆகியவற்றையும் பள்ளியே தருகிறது.

இவ்விரு மாவட்டங்களுக்கு மூன்றாவது பாடசாலை ஒன்றும் உண்டு: நிலம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மரத்தைப் பற்றி 1940இல் முதலில் எடுத்துரைத்தவர் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததற்கான தடயங்கள் பெரம்பலூர் மாவட்டக் காரைப் பகுதியின் ஓடைச் சரிவுகளில் உள்ளன. அரியலூர் மாவட்டத்து வாரணவாசி அருங்காட்சியகத்தில் புதைபடிவங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டின் படமும் வயதும் இணையத்தில் நொடியில் கிடைக்கும். உள்ளூர்ப் பாறை அடுக்கில் சாதாரணக் கல்லையும் புதைபடிவத்தையும் பிரித்தறிவதற்கு, உடன் நின்று காட்டும் ஆசிரியர் வேண்டும்.

ஆகவே, பள்ளியா இணையமா என்ற கேள்வியைவிட, எது முதலில் என்ற கேள்வியே பொருத்தமானது. சரளமாக வாசிக்கவும் கணக்குப் போடவும் கற்ற பிள்ளைக்கு இணையம் பெரிய நூலகம். அந்த அடிப்படை இல்லாத பிள்ளைக்கு அது பெரும்பாலும் பொழுதுபோக்கு. பிள்ளையின் கையில் போனைக் கொடுக்குமுன், தமிழில் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்கிறதா, ஒரு வகுத்தல் கணக்கைத் தானாகப் போடுகிறதா என்று பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும்.