ஏரிக்கரையில் ஒரு உலகக் கடல் ரேஸ்!

எங்க ஒலக்கூர் ஏரியில் பாய்மரப் படகெல்லாம் ஓடாது பாஸ். மழை பெஞ்சா தண்ணி, கோடையில மாடு... அவ்ளோதான்! ஆனா அந்த ஏரிக்கரை வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தபடியே உலகத்தைச் சுத்தற படகு ரேஸ் ஒண்ணை எட்டு மாசம் பார்த்திருக்கேன். துணைக்கு எங்க ஆயா!

ரேஸ் பேரு கோல்டன் குளோப். 2022 செப்டம்பர் 4-ம் தேதி பிரான்ஸிலிருந்து 16 பேர் கிளம்பினார்கள். ஒரு படகுக்கு ஒரே ஆள். எங்கேயும் நிற்காமல் உலகத்தைச் சுற்றி, கிளம்பின இடத்துக்கே வரணும். ஜி.பி.எஸ். பார்த்து ஓட்டக் கூடாது. பேப்பர் வரைபடமும், சூரியனையும் நட்சத்திரத்தையும் அளக்கற செக்ஸ்டன்ட் கருவியும்தான் வழிகாட்டி. 1968-ல் நடந்த முதல் ரேஸ் காலத்து டெக்னாலஜி!

அப்போ நான் பிளஸ் டூ. செல்போன் மேப்ல 16 புள்ளிகள் நகரும். செம காமெடி என்னன்னா, அவங்க எங்கே இருக்காங்கன்னு ஒலக்கூர்ல இருக்கற எனக்குப் பளிச்சுனு தெரியும். நடுக்கடல்ல இருக்கறவங்க கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கணும்!

நான் பார்த்த புள்ளி அபிலாஷ் டோமி. நம்ம கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். 2018 ரேஸ்ல, செப்டம்பர் 21 அன்னிக்கு, தெற்கு இந்தியப் பெருங்கடல் புயல்ல பாய்மரம் உடைஞ்சு, முதுகெலும்பு நொறுங்கி, எழுந்திரிக்கவே முடியாமக் கிடந்தார். மூணு நாள் கழிச்சு ஒசிரிஸ்ங்கற பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. அதே மனுஷன், முதுகுல டைட்டானியம் கம்பியோட, அதே ரேஸுக்குத் திரும்ப வந்திருந்தார்!

“உன் படகுக்காரன் எங்கடா இருக்கான்?” - தினமும் ராத்திரி சோறு போடும்போது ஆயா கேக்கற முதல் கேள்வி இதுதான்.

நவம்பர் 18-ம் தேதி ரேஸே மாறிப்போச்சு. தென்னாப்பிரிக்காவுக்குக் கீழே, பின்லாந்துக்காரர் டாபியோ லேடினெனோட படகு சில நிமிஷத்துல முழுகிடுச்சு. மனுஷர் மிதவையில தனியா! தகவல் கிடைச்சதும் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நொய்ஷேஃபர் தன் படகை அவர் பக்கம் திருப்பினார். ராத்திரி முழுக்க ஓட்டி, மறுநாள் அவரைத் தூக்கி, அந்தப் பக்கம் வந்த சரக்குக் கப்பல்ல ஏத்திவிட்டுட்டு மறுபடி ரேஸுக்குக் கிளம்பினார்.

ஆயாகிட்ட சொன்னேன். “முன்னால போறதை விட்டுட்டுத் தூக்கப் போனா பாரு... அவளுக்குத்தான்டா பரிசு தரணும்” என்றார்.

எனக்குச் சுருக்குனு இருந்தது. என் கிளாஸ்மேட் ஒருத்தன் இன்டெக்ரேஷன் புரியலைன்னு ஒரு வாரமா போன் பண்ணிட்டிருந்தான். ‘அப்புறம் பேசறேன்டா’ன்னு கட் பண்ணிட்டே இருந்தேன். காரணம் சிம்பிள்... கட்-ஆஃப்! அன்னிக்கு ராத்திரி நானே கூப்பிட்டேன். ரெண்டு மணி நேரம் போச்சு. சொல்லிக் கொடுக்கும்போதுதான், எனக்கே பாதி புரியலைன்னு தெரிஞ்சுது!

இந்தப் பக்கம் அபிலாஷுக்கும் சோதனை. காத்தை வெச்சுப் படகைத் தானா ஓட்டற, கரண்டே தேவைப்படாத ‘விண்ட்வேன்’ கருவி உடைஞ்சுபோச்சு. மனுஷர் டாய்லெட் கதவை அறுத்து அதுக்குப் பலகை செஞ்சார்! நான் இன்ஜினீயரிங் எடுத்ததுல அந்தக் கதவுக்கும் பங்கு உண்டு.

பப்ளிக் எக்ஸாம் முடிஞ்ச லீவு. 2023 ஏப்ரல் 27. கிர்ஸ்டன் முதலாவதா வந்து சேர்ந்தார். ரேஸ் வரலாற்றில் ஜெயித்த முதல் பெண்! ஓடிப்போய்ச் சொன்னேன்.

“நான்தான் அன்னிக்கே சொன்னேனே” என்றார் ஆயா, முறத்தை விட்டு நிமிராமல். அப்புறம் கேட்டார், “நம்ம ஆளு?”

“ரெண்டாவது ஆயா. இன்னும் ரெண்டு நாள்ல வந்துடுவார்.”

“முழுசா வந்து சேரட்டும், அது போதும்.”

29-ம் தேதி வந்து சேர்ந்தார். மொத்தம் 236 நாள். கிளம்பின 16 பேர்ல எங்கேயும் நிற்காமல் முடிச்சது 3 பேர் மட்டும்தான்.

அந்த இன்டெக்ரேஷன் பார்ட்டி? இப்போ என் காலேஜ்லதான் இருக்கான். போன செமஸ்டர் எம்-3 பேப்பர்ல எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவன்தான் மக்களே!