மார்வெல் கம்பெனியும் மொத்த வியாபாரிகளும்

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பென்சில் பெட்டி, தண்ணீர் பாட்டில், புத்தகப் பை வாங்க வரும் சிறுவர்கள் ‘ஸ்பைடர்மேன் படம் போட்டது’ வேண்டும் என்று அடம் பிடிப்பதை நம் வணிகர்கள் நன்கறிவர். அந்தச் சிலந்தி மனிதனைப் படைத்தது அமெரிக்காவிலுள்ள மார்வெல் என்னும் சித்திரக்கதை நிறுவனம். சினிமாவில் கோடி கோடியாகக் குவிக்கும் கம்பெனி என்றுதான் இன்று அதைப் பலரும் அறிவார்கள். அது ஒரு முறை திவாலான கம்பெனி என்பது பலருக்குத் தெரியாது. திவாலுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று மொத்த வியாபாரிகளையும் சில்லரைக் கடைக்காரர்களையும் நேரடியாகப் பாதித்த விஷயம். ஆகவே, சித்திரக்கதைக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று தள்ளிவிடாமல் இதைப் படிக்கும்படி வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பத்து சென்ட் புத்தகம்

நியூயார்க்கில் மலிவுப் பத்திரிகைகள் போட்டுக் கொண்டிருந்தவர் மார்ட்டின் குட்மேன். 1939-ம் ஆண்டில் ‘மார்வெல் காமிக்ஸ்’ என்ற முதல் புத்தகத்தைப் பத்து சென்ட் விலையில் வெளியிட்டார். அடுத்து வந்த ‘கேப்டன் அமெரிக்கா’ புத்தகத்தின் அட்டையில் கதாநாயகன் ஹிட்லரின் தாடையில் குத்து விடுவான். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவேயில்லை. அந்த இதழ் ஏறத்தாழ பத்து லட்சம் பிரதிகள் விற்றது.

அந்நாளில் இவை பத்திரிகைக் கடையிலும், மருந்துக் கடையிலும், மளிகைக் கடையின் ஓரத்தில் வைத்த சுழலும் கம்பி ஸ்டாண்டிலும் விற்றன. விற்றதற்கு மட்டும் பணம் கொடுத்தால் போதும். மீந்ததைத் திருப்பலாம். முழுப் புத்தகத்தையும் அனுப்பினால் கூலி கட்டாது என்பதால் அட்டையை மட்டும் கிழித்து அனுப்பி வரவு வைத்துக் கொள்வார்கள். கடைக்காரருக்கு லாபம் சொற்பம்தான், ஆனால் நஷ்ட பயம் கிடையாது.

போட்டிக்காரர் கையில் குடுமி

1951-ல் குட்மேன் சொந்தமாக விநியோகக் கம்பெனி தொடங்கினார். 1956-ல் அதை மூடிவிட்டு, நாட்டிலேயே பெரிய மொத்த விநியோகஸ்தரான அமெரிக்கன் நியூஸ் கம்பெனியிடம் சரக்கை ஒப்படைத்தார். மறு ஆண்டே அந்தப் பெரிய கம்பெனி விநியோகத் தொழிலை விட்டு விலகியது. அச்சடித்த சரக்கைக் கடைக்குக் கொண்டு சேர்க்க ஆளில்லை. வேறு வழியின்றி, சூப்பர்மேனை வெளியிட்டு வந்த போட்டிக்காரரின் சொந்த விநியோகக் கம்பெனியிடமே போய் நின்றார். அவர்கள் போட்ட நிபந்தனை: மாதத்துக்கு எட்டுப் புத்தகங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டோம். புதிதாக ஒன்று தொடங்க வேண்டுமானால் பழையது ஒன்றை நிறுத்த வேண்டும்.

அந்த நெருக்கடிக் காலத்தில்தான், 1961 முதல் 1963 வரை, ஸ்டான் லீ, ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ ஆகியோர் ஃபென்டாஸ்டிக் ஃபோர், ஹல்க், ஸ்பைடர்மேன், எக்ஸ்-மென் என்று இன்றுவரை காசு கொட்டும் பாத்திரங்களையெல்லாம் உருவாக்கினார்கள் என்பது வேடிக்கையான உண்மை. 1968-ல் குட்மேன் கம்பெனியை விற்றுவிட்டார்.

திருப்ப முடியாத சரக்கு

1970-களின் தொடக்கத்தில் ஃபில் சூலிங் என்ற வியாபாரி பதிப்பாளர்களிடம் ஒரு யோசனை சொன்னார். கழிவைக் கூட்டிக் கொடுங்கள், மீந்ததைத் திருப்ப மாட்டோம் என்றார். இதை நம்பிச் சித்திரக்கதைக்கென்றே தனிக் கடைகள் தோன்றின. கடைக்காரர் இரண்டு மாதம் முன்னதாகவே, புத்தகத்தைக் கண்ணால் பார்க்காமல், விளம்பரப் பட்டியலை மட்டும் பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும். விற்றால் நல்ல லாபம், விற்காவிட்டால் அத்தனையும் தலையில் விழும். பதிப்பாளருக்கோ கடைக்குச் சரக்கு போனாலே விற்பனைதான்! பின்னாளில் வந்த சங்கடத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1989 ஜனவரியில் ரொனால்டு பெரல்மேன் என்ற கோடீஸ்வரர் 8 கோடியே 25 லட்சம் டாலருக்கு மார்வெலை வாங்கினார். 1991-ல் பங்குச் சந்தைக்குக் கொண்டு சென்றார். 1938-ல் பத்து சென்ட்டுக்கு விற்ற சூப்பர்மேன் இதழ் பெருந்தொகைக்கு விலைபோவதைப் பார்த்து, புதுப் புத்தகத்தையும் தங்கம் போல் வாங்கி வைக்கலாம் என்று ஜனங்கள் கிளம்பியிருந்த நேரம் அது. பழைய புத்தகத்துக்கு மதிப்பு வந்தது, பழைய பேப்பருக்குப் போட்டது போக மீந்தவை கொஞ்சம் என்பதால்தான். எல்லோரும் உறை போட்டுப் பத்திரப்படுத்தும் புத்தகத்துக்கு எப்படி மதிப்பு வரும்?

ஆனால் கம்பெனி அந்த ஆசைக்குத் தீனி போட்டது. 1991-ல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழுக்கு ஐந்து விதமான அட்டை. உள்ளே இருப்பது ஒரே கதை. ஐந்தையும் வாங்கினார்கள். எண்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் கடைகளுக்குப் போயின. உலக சாதனை என்றார்கள். அவற்றில் வாசகர் கைக்குப் போனது எவ்வளவு, கடை அலமாரியில் தங்கியது எவ்வளவு என்பது கடைக்காரர்களுக்குத்தான் வெளிச்சம். இன்றும் அந்த இதழ் பழைய புத்தகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது.

1993 முதல் காற்று இறங்கத் தொடங்கியது. விலை ஏறும் என்று வாங்கியவர்கள் விற்க வந்தபோது வாங்க ஆளில்லை. கடைக்காரர்களின் முதல், திருப்ப முடியாத சரக்கில் முடங்கியது.

இடைத்தரகரை ஒழிப்போம்

இந்த நேரத்தில்தான் கம்பெனிக்கு அந்த யோசனை பிறந்தது. நம் சரக்கில் விநியோகஸ்தர் ஏன் லாபம் பார்க்க வேண்டும்? 1994 டிசம்பர் கடைசியில் ஹீரோஸ் வேர்ல்டு என்ற, நியூஜெர்சியிலிருந்த விநியோக நிறுவனத்தை மார்வெல் விலைக்கு வாங்கியது. 1995 ஜூலை முதல் தன் சரக்கு அங்கு மட்டுமே கிடைக்கும் என்று அறிவித்தது.

சந்தையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மார்வெல் சரக்கு. அது கைவிட்டுப் போனதும் மற்ற மொத்த வியாபாரிகள் ஆடிப் போனார்கள். பயந்துபோன மற்ற பெரிய பதிப்பாளர்கள் பால்டிமோரிலிருந்த டயமண்ட் நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் செய்து கொண்டார்கள். இதற்கிடையில் அகப்பட்டவர் சிறு கடைக்காரர். கொள்முதல் அளவைப் பொறுத்துத்தான் கழிவு விகிதம். முன்பு ஒரே இடத்தில் மொத்தமாக எடுத்து மேல் விகிதக் கழிவு வாங்கியவர், இப்போது ஆர்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டு இடத்திலும் விகிதம் இறங்கியது. சரக்குக் கூலி இரண்டு, பில் இரண்டு. போதாக்குறைக்கு ஒரு வட்டாரத்துக்கு மட்டும் சப்ளை செய்து பழகிய ஹீரோஸ் வேர்ல்டு, நாடு முழுவதும் அனுப்பத் திணறியது. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. வார இதழ் போல் நாள் தவறாமல் விற்க வேண்டிய சரக்கு தாமதமாக வந்தால் யார் வாங்குவார்கள்? ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன.

டயமண்டுக்கு இணையாக இருந்த கேப்பிட்டல் சிட்டி நிறுவனம் 1996 ஜூலையில் டயமண்டிடமே விற்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று மார்வெல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 60 கோடி டாலருக்கு மேல் கடன். பேஸ்பால் வேலைநிறுத்தத்தில் அடிபட்ட விளையாட்டுப் பட அட்டைத் தொழில் வேறு. 1993-ல் 35 டாலரைத் தொட்ட பங்கு மூன்று டாலருக்கும் கீழே கிடந்தது. 1997-ல் ஹீரோஸ் வேர்ல்டை மூடிவிட்டு, மார்வெலும் டயமண்டின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. மூன்று ஆண்டுக்கு முன்பு பல மொத்த வியாபாரிகள் போட்டி போட்ட சந்தையில் ஒரே ஒருவர்தான் மிச்சம். இது ஏகபோகமா என்று அமெரிக்க அரசின் நீதித்துறை விசாரித்து, நடவடிக்கை எதுவுமின்றி 2000-ல் கோப்பை மூடியது.

பின்கதை

1998-ல் டாய் பிஸ் என்ற பொம்மைக் கம்பெனி மார்வெலைக் கைப்பற்றியது. அதன் உரிமையாளர் ஐசக் பெர்ல்மட்டர், தேங்கிய சரக்கை மலிவாக வாங்கி விற்றே முன்னுக்கு வந்தவர். பிறகு சினிமா. 2008-ல் ‘அயர்ன் மேன்’ படம், 2009-ல் டிஸ்னி கம்பெனி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்கியது. மூடிய கடைகளின் பாக்கியை யாரும் கொடுக்கவில்லை.

2020-ல் கொரோனா காலத்தில் டயமண்ட் சில வாரங்கள் புதுச் சரக்கு அனுப்புவதை நிறுத்தியது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துப் பழகிய கடைகள் தவித்தன. பெரிய பதிப்பாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மார்வெல் 2021 அக்டோபரில் பென்குயின் ரேண்டம் ஹவுஸ் நிறுவனத்துக்கு மாறியது. 2025 ஜனவரியில் டயமண்டும் திவால் பாதுகாப்புக் கோரியது. விற்ற பின் பணம் என்ற ஏற்பாட்டில் அதன் கிடங்கில் சிறு பதிப்பாளர்கள் வைத்திருந்த சரக்கு அவர்களுக்குச் சொந்தமா, கடன்காரர்களுக்குச் சொந்தமா என்று அதன் பிறகு நீதிமன்றத்தில் வழக்காடினார்கள்.